யாவாரம் ஆச்சுங்களா?

சேலத்திலிருந்து மலையேறி வரும் அந்தக் கடன் ஒப்பந்தம் முப்பத்தெட்டுப் பக்கம். முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் மட்டும் தமிழில் நான்கு வரி இருக்கும். 'மேற்கண்ட ஒப்பந்தத்தின் எல்லாப் பிரிவுகளும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டு விளக்கப்பட்டன. நான் அவற்றை முழுமையாகப் புரிந்துகொண்டு கையொப்பமிடுகிறேன்.' அதன் கீழே கடன் வாங்குபவரின் கையெழுத்து. அதற்கும் கீழே, படித்துக் காட்டியவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது. ஆறு வருஷம் அதைப் போட்டேன். ஒரு தடவைகூட முப்பத்தெட்டுப் பக்கத்தையும் நான் யாருக்கும் படித்துக் காட்டியது கிடையாது.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற ரோட்டில், ஒரு பாயின் மளிகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். வக்கீல், நோட்டரி, டைப்பிங், ஜெராக்ஸ் எல்லாம் ஒரே அறைதான். வக்கீலுக்கு வழக்கென்று பெரிதாக ஒன்றும் வராது. அவருக்குச் சோறு போட்டது நோட்டரி முத்திரை. நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள். கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் எனக்கு ஆங்கிலம் வரும். மலையில் ஆங்கிலம் தெரிந்த பெண் என்றால் சட்டமும் தெரிந்தவள் என்று ஜனங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். நானும் அதை மறுக்கவில்லை. மறுக்காததற்கு ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று தனியாகக் காசு வந்தது.

கடன் கொடுத்தது சேலத்து ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்று. அதன் மேனேஜர் புதன்கிழமைதோறும் காரில் வருவார். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்குகிற ஆள். இறங்கியதும் "ஆஹா, என்ன காத்து, என்ன காத்து" என்பார். ஒரு வாரம்கூட அதைச் சொல்லத் தவறியதில்லை. பிறகு மேலே வந்து, காத்தைப் பற்றிப் பேசிய அதே வாயால், யார் யார் தவணை தவறினார்கள் என்று கேட்பார். அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, டீ வாங்கிவர ஆள் அனுப்புவேன்.

ஒரு ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ரோட்டில் மண் சரிந்து பஸ் வரவில்லை, ஆபீசில் ஈ ஓட்டினேன். அப்போதுதான் அந்த ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

யாரோ பம்பாயில் எழுதியதை அப்படியே அச்சடித்திருந்தார்கள். வட்டிக்குக் கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு மாநிலத்திலும் ஏதோ ஒரு சட்டம் இருக்கிறது அல்லவா, அத்தனையும் ஒரு பக்கத்தில் வரிசையாக நின்றன. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் என்று போய், தமிழ்நாடு கடைசியில், அதுவும் பேனாவால் செருகப்பட்டிருந்தது. இந்தச் சட்டங்களின் பாதுகாப்பு எதுவும் தனக்குப் பொருந்தாது என்று கடன் வாங்குபவர் ஒப்புக்கொள்கிறாராம். செம்மநத்தத்தில் மிளகு காயவைக்கிற ஒரு மனுஷர், குஜராத் சட்டம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மலையை விட்டுக் குப்பனூர்ப் பக்கம் இறங்குவதே கல்யாணம், கருமாதிக்குத்தான்.

இன்னொரு பிரிவு அதைவிட அருமை. மாநிலச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்புக்கு மேல் வட்டி வாங்கப்பட்டிருந்தால், அது கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று கொள்ள வேண்டுமாம். அதிகமாக வாங்கியதை அசலில் கழித்துக்கொள்வார்களாம். அதாவது பையில் கைவிடுவதற்கு முன்பே, தெரியாமல் கை பட்டுவிட்டது என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கவனக்குறைவு ஒரு வாடிக்கையாளர் கணக்கில்கூடக் குறைவான வட்டியாக நேர்ந்ததாக நான் பார்க்கவில்லை.

ஆனால் நிஜமான சாமர்த்தியம் இருபத்தேழாவது பிரிவில் இருந்தது. 'கடன் பெறுபவர் தொழில்முறையில் வணிகர். அவர் விவசாயி அல்லர். இக்கடன் வணிகத்துக்காக மட்டுமே பெறப்படுகிறது.' மூன்றே வாக்கியம். சட்டம் என்ற வார்த்தையே அதில் இல்லை. இது எதற்கு என்று வக்கீலிடம் கேட்டேன். மழையில் அவருக்கும் பொழுது போகவில்லை போலிருக்கிறது, காலை நீட்டிக்கொண்டு விளக்கினார்.

"ஏம்மா, எனக்கு இந்தச் சட்டம் வேண்டாம்னு ஒருத்தன் எழுதிக் குடுத்தா கோர்ட்ல செல்லுமா? செல்லாது. அந்தப் பக்கமெல்லாம் பூச்சாண்டி. விவசாயி வாங்குன கடன்னா வட்டி குறையும், நிலத்தை ஏலம் விட முடியாதுன்னு நம்ம கவர்மெண்ட்டு சட்டம் வெச்சிருக்குது. அதை நகர்த்த முடியாது. ஆளை நகர்த்தலாம். இவன் விவசாயியே இல்லைன்னு அவன் வாயாலேயே சொல்ல வெச்சுட்டா, சட்டம் அது பாட்டுக்கு இருக்கும், இவன் வெளியில நிப்பான்."

சொல்லிவிட்டு, தானே எழுதியதுபோல் சந்தோஷப்பட்டார். எனக்கும் அதன் கெட்டிக்காரத்தனம் பிடித்திருந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். மறுவாரம் மேனேஜருக்கு நான் வைத்த வணக்கத்தில் மரியாதை கொஞ்சம் கூடியிருந்தது. வெட்கங்கெட்ட வணக்கம்.

அந்த மழை விட்டு, அறுவடை முடிந்து, பங்குனியில் கரடியூரிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். மூன்று ஏக்கர் காபி, நடுவில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பழத்தை அப்படியே ஏஜெண்டுக்குப் போட்டால் அவன் சொன்னதுதான் விலை. சொந்தமாக ஒரு பல்ப்பர் மெஷின் இருந்தால் தோலை நீக்கிக் காயவைத்து, கொட்டையாக நல்ல விலைக்கு விற்கலாம். மெஷினுக்கும் சிமெண்ட் களத்துக்கும் கடன் வேண்டும். நிலப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். அந்த அம்மா பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

நான் வழக்கம்போல் தொகை, தவணை, வட்டி, தவறினால் அபராதம் என்று நான்கையும் மளமளவென்று சொன்னேன். பிறகு முதல் பக்கத்தில் 'தொழில்' என்ற கட்டத்தை நிரப்பவேண்டியிருந்தது. விவசாயம் என்று எழுதினால் படிவம் சேலத்திலிருந்து திரும்பி வந்துவிடும். எனக்குத் தெரியும், இரண்டு தடவை வந்திருக்கிறது. அதனால் நான் 'தொழில் என்னங்க' என்று கேட்பதையே விட்டுவிட்டிருந்தேன். வேறு மாதிரி கேட்பேன்.

"ஏனுங்க, யாவாரம் பண்றீங்கள்ல?"

எங்கள் மலையில் அறுவடை முடிந்த மாதங்களில் வழியில் பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இது. "யாவாரம் ஆச்சுங்களா?" என்றால், உங்கள் தோட்டத்துக் காபியை விற்றுவிட்டீர்களா என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. கடை வைத்திருப்பவனையோ, தராசோடு வந்து வாங்கிப்போகிறவனையோ யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். இது தெரியாமல் மலையில் யாரும் வளரமுடியாது. நானும் அங்கேதான் வளர்ந்தேன்.

அவர் முகம் மலர்ந்து சொன்னார். "ஆமாங்க அம்மிணி, மாசியிலயே யாவாரம் முடிச்சுப்போட்டனுங்க. முச்சூடும் எங்க தோட்டத்துக் காப்பிதானுங்க, வெளியில ஒரு கொட்டை வாங்குல."

நான் கட்டத்தில் 'வணிகர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்துக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அந்த அம்மா மட்டும் காகிதக் கட்டைப் பார்த்தபடியே இருந்தார். "ஏனுங்க அம்மிணி, இத்தன தாளு இருக்குது. நீங்க சொன்னது இத்தினியூண்டுதானுங்களே. மிச்சத்துல என்னங்க எழுதியிருக்குது?"

"அதெல்லாம் சும்மா சட்டமுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. இன்னொரு தடவை வாயைத் திறந்தார். புருஷன்காரர், "படிச்சவங்க சொல்றாங்கல்ல, நீ நொம்பக் கண்டுட்ட" என்று அடக்கினார். நான் சிரித்தேன். அவரைத் தட்டிக் கேட்காமல், அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாமல், பல்லைக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் முப்பத்தெட்டுப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கி, என்னுடையதையும் போட்டு, வக்கீலிடம் முத்திரைக்கு நீட்டினேன். போகும்போது புருஷன்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டினார்கள். மெஷின் வந்தது, களம் வந்தது. மூன்றாவது வருஷம் காபி விலை விழுந்தது. விழுந்தது என்றால் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் பழம் செடியிலேயே கருகி நின்றது. தவணை நின்றது. அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று கடன் ஊதிக்கொண்டே போனது. கடைசியில் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரக் கம்பெனி வழக்குப் போட்டது. ஒப்பந்தப்படி எந்தத் தகராறும் பம்பாய்க் கோர்ட்டில்தான் நடக்கவேண்டும். நிலத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாததால், வழக்கு சேலத்துக்கு வந்தது.

அவர்கள் வைத்த வக்கீல் வயதில் சின்னவர் என்றாலும் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். இவர் விவசாயி, இது விவசாயக் கடன், மாநிலச் சட்டப்படி இவ்வளவு வட்டி வாங்கக்கூடாது, நிலத்தைத் தொடக்கூடாது என்று பதில் போட்டார். பட்டாவைக் காட்டினார். பட்டா இருந்தால் விவசாயியா, சேலத்தில் நகைக்கடைக்காரருக்கும் பட்டா இருக்கிறது என்றது கம்பெனி. பல்ப்பர் மெஷினில் பக்கத்துத் தோட்டத்துப் பழத்தையும் கூலிக்கு ஓட்டினாரே, அது வணிகம் இல்லையா என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக இருபத்தேழாவது பிரிவையும், கடைசிப் பக்கத்து நான்கு வரிகளையும் எடுத்து நீட்டியது. ஆக, மூன்று ஏக்கர் நிலம் அவர்களிடம் இருக்குமா போகுமா என்பது, அவர் தன்னை வியாபாரி என்று தெரிந்தே சொன்னாரா என்ற ஒரு கேள்விக்கு வந்து நின்றது. அதைச் சொல்லக்கூடிய ஆள் நான். சாட்சி சம்மன் வந்தது.

எங்கள் ஆபீஸ் வக்கீல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உட்காரவைத்ததே முதல் தடவை. "பயப்படாதே. படிச்சுக் காட்டினேன்னு சொல்லு, அவ்வளவுதான். இல்லைன்னு சொன்னேன்னு வெய்யி, நீ இதுவரைக்கும் போட்ட அத்தனை கையெழுத்தும் பொய்யாயிரும். என் நோட்டரியும் போயிரும். உனக்கும் கேஸ் வரும்." என் நன்மைக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார். அவர் நெற்றியில் வேர்த்திருந்ததை மட்டும் அவரால் துடைத்து மறைக்க முடியவில்லை.

கூண்டில் ஏறினேன். கம்பெனி வக்கீல் கேட்டார்.

"ஒப்பந்தத்தின் எல்லாப் பிரிவுகளையும் தமிழில் விளக்கினீர்களா?"

"விளக்கினேன்."

"வியாபாரம் செய்வதாக அவர் சொன்னாரா?"

"சொன்னார்."

இது பொய் இல்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்னது அந்த வார்த்தைதானே. பொய் சொல்வதற்குக்கூட ஒரு தைரியம் வேண்டும், எனக்கு அதுவும் இல்லை. உண்மையைப் பாதியில் வெட்டி, வெட்டிய துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவர்களுடைய வக்கீலும் என்னைக் குறுக்கே கேட்டார். எத்தனை நிமிஷம் படித்தீர்கள், எந்த மொழியில் என்றெல்லாம் சுற்றி வந்தாரே ஒழிய, யாவாரம் என்ற சொல்லை அவர் தொடவே இல்லை. அவர் மலைக்குக் கீழே வளர்ந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்?

நான் இறங்கப் போகும்போது நீதிபதியே தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டார். வயதானவர், பொறுமையான குரல். "வியாபாரம் பண்றேன்னு மட்டும்தான் சொன்னாராம்மா? அதோட வேற ஏதாவது சொன்னாரா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. மாசியில் முடித்ததையும், முச்சூடும் எங்கள் தோட்டத்துக் காபி என்றதையும், வெளியில் ஒரு கொட்டை வாங்கவில்லை என்றதையும் வார்த்தை பிசகாமல் என்னால் சொல்லியிருக்க முடியும். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்.

"அவ்வளவுதான் சொன்னாருங்க ஐயா" என்றேன்.

ஒன்றரை மாதத்தில் தீர்ப்பு வந்தது. கடன் பெற்றவர் வணிகர். விளக்கிச் சொல்லப்பட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். விவசாயிகளுக்கான சட்டம் பொருந்தாது. நிலத்தை ஏலம் விடலாம். அன்று வேறொரு வேலையாக நகல்களை எடுத்துக்கொண்டு நானும் சேலம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். மேனேஜர் கைகுலுக்க வந்தார். அந்தக் கையையும் குலுக்கினேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏற்காட்டு பஸ் நிற்கிற இடத்தில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்காததுபோல் நகர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அம்மிணி, அந்தத் தாளு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

பையில் இருந்த நகல்களில், சாட்சி சொல்ல எடுத்துப்போன அந்த ஒப்பந்தமும் இருந்தது.

"எங்க வக்கீலு தம்பி ஏதோ இருபத்தேழு, இருபத்தேழுன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்குலீங்க. அதை மட்டும் தமிழ்ல படிங்க."

படித்தேன். இந்தத் தடவை கோர்ட் தமிழில் படிக்கவில்லை, எங்கள் பேச்சில் மாற்றிச் சொன்னேன். "நான் வெள்ளாமை பண்றவன் இல்லீங்க. வாங்கி விக்கிற யாவாரி. இந்தப் பணம் அந்த யாவாரத்துக்குத்தான் வாங்கறனுங்க. அப்படின்னு நீங்க சொன்னதா எழுதியிருக்குது." அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பெஞ்சில் இருந்தவர் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து பக்கத்தில் வந்தார். இத்தனை நாளும் தவணை கட்டாததற்குத்தான் வழக்கு நடக்கிறது என்று நினைத்திருக்கிறார், அந்த மனுஷர். முகத்தில் துக்கம்கூட இல்லை, ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்ட பரபரப்புத்தான் இருந்தது.

"நான் வெள்ளாமக்காரன் இல்லையா? அட, இது தப்பாவல்ல எழுதிப்போட்டாங்க. கண்ணு, நீங்க இன்னொருக்கா கோர்ட்டுக்குப் போயி அந்த ஜட்ஜு ஐயாகிட்ட சொல்லுங்க. இப்படித் தப்பாப் போச்சுன்னு எடுத்துச் சொன்னீங்கன்னா திருத்திப்போடுவாரு. வேணுமுன்னா எங்க ஊட்டுக்கே வந்து பாக்கச் சொல்லுங்க. அவுருக்குத் தெரியாமத்தான இப்படி ஆயிப்போச்சு. உங்களுக்கும் தெரியாமப் போச்சு பாருங்க."

நான் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த அம்மிணிக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்று புருஷனிடம் சொன்னார். "வாங்க, பஸ்ஸு வந்திருச்சு."

ஏற்காட்டுக்கு நானும் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.